ஒரு கிண்ணம் என்றால் எவ்வளவு?

சென்ற வருஷம் என் வைத்தியர் என்னை ஒரு கேள்வி கேட்டார். மிகச் சாதாரணமான கேள்விதான். ஆனால் இருபது வருஷமாகக் கதை எழுதிக் காலம் தள்ளுகிறவனாகிய எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

"காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றார் முதலில்.

"பிரமாதமாக ஒன்றுமில்லை, டாக்டர். ஒரு கிண்ணம் கார்ன் பிளேக்ஸ், பால் விட்டு. இட்லி, தோசையை விட்டு மூன்று மாதமாகிறது" என்றேன். தியாகம் செய்தவனுடைய தோரணை என் குரலில் இருந்திருக்க வேண்டும்.

"ஒரு கிண்ணம் என்றால் எவ்வளவு, சார்?"

நான் இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. என் இரத்தப் பரிசோதனைக் காகிதத்தை ஒரு முறை பார்த்தார். குவிந்திருந்த என் கைகளை ஒரு முறை பார்த்தார். "வீட்டுக்குப் போய் எடை போட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

சர்க்கரை வியாதி எங்கள் குடும்பச் சொத்து. நிலபுலன்களை விற்றுத் தீர்த்த பிறகும் அது மட்டும் குறையாமல் தலைமுறை தலைமுறையாக வருகிறது. என் தகப்பனார் ஒரு கால் விரலை இழந்த பிறகுதான் சாப்பாட்டுக்குக் கணக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். நான் அவரைப்போல் இருக்கக் கூடாது என்று நாற்பதைத் தாண்டிய உடனேயே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தினந்தோறும் கலோரிக் கணக்கு எழுதி வந்தேன். அதில் ஒவ்வொரு நாளும் முதல் வரி ஒன்றேதான்: 'கார்ன் பிளேக்ஸ், ஒரு கிண்ணம், 110.' பெட்டியின் பக்கவாட்டில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. ஒரு வேளை அளவு 30 கிராம். அதில் 110 கலோரி.

அன்று சமையலறைத் தராசில் என் கிண்ணத்தை வைத்தேன். வழக்கம்போல் கொட்டினேன். எடை 74 கிராம் என்று காட்டியது. தராசு பழுதாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன். தராசில் குற்றமில்லை. 110 என்று நான் எழுதி வந்தது உண்மையில் சுமார் 271. ஒரு நாளைக்கு 161 கலோரி தவறு, மாதத்துக்கு ஏறக்குறைய ஐயாயிரம். இத்தனைக்கும் நான் பாலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பிறகு 30 கிராமைத் தனியாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தேன். அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்த என் மனைவி, "இது யாருக்கு? காக்காய்க்கா?" என்று கேட்டாள்.

அன்று முதல் இந்த அளவு விவகாரத்தின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் என்னைப் பிடித்துக்கொண்டது. யார் இந்தக் கலோரியைக் கண்டுபிடித்தார்கள்? யார் அதைக் கிண்ணத்துக்குள் கொண்டுவந்தார்கள்? முப்பது கிராம் என்று யார் தீர்மானித்தார்கள்? தேடிப் போனால் அது ஒரு நாவலுக்குரிய கதையாகவே இருந்தது.

கலோரி என்ற சொல் பிறந்தது சமையலறையில் அல்ல. நீராவி எந்திரத்தின் பக்கத்தில். 1820ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பாரிஸ் நகரத்தில் நிக்கோலாஸ் கிளெமாங் என்ற பேராசிரியர் எந்திரங்களின் உஷ்ணத்தைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்துவந்தார். ஒரு கிலோ தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான சூட்டுக்கு அவர் வைத்த பெயர்தான் கலோரி. நிலக்கரியை அளக்கப் பிறந்த சொல் அது. இன்று நாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதும் அந்தக் கலோரியேதான்.

மனித உடம்பும் ஒருவகை அடுப்புத்தான் என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரம் ஒன்றில் அடைத்து, அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். மூச்சு விடுவதும் விறகு எரிவதும் ஒரே காரியம் என்பது அவர்கள் கண்ட முடிவு. லவாய்சியர் 1794ஆம் ஆண்டு மே மாதம் பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக் கத்திக்குப் பலியானார். எனினும் அவர் மூட்டிய அடுப்பு அணையவில்லை.

அதை மனிதனிடம் கொண்டுவந்து சேர்த்தவர் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்கர். கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற ஊரில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் ரசாயனப் பேராசிரியர். ஜெர்மனிக்குச் சென்று அங்கே உணவு ஆராய்ச்சி நடக்கும் முறையை நேரில் பார்த்து வந்தவர். எட்வர்டு ரோஸா என்ற பௌதிகப் பேராசிரியருடன் சேர்ந்து 1890களில் அவர் ஓர் அறை கட்டினார். அறை என்பதைவிடப் பெட்டி என்பதே பொருந்தும். ஒரு மனிதன் படுக்கவும் உட்காரவும் மாத்திரம் அதில் இடமுண்டு. சுவருக்குள் தண்ணீர்க் குழாய்கள் ஓடும். உள்ளே இருப்பவனுடைய உடற்சூடு முழுவதையும் அந்தத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வெளியே வரும். சோதனைக்கு ஒப்புக்கொண்ட மனிதர்கள் அதற்குள்ளே நாட்கணக்கில் இருந்தார்கள். உண்டார்கள், உறங்கினார்கள், நகராத சைக்கிள் ஒன்றை மிதித்தார்கள். உள்ளே போன ஒவ்வொரு கவளமும் நிறுக்கப்பட்டது. வெளியே வந்ததும் நிறுக்கப்பட்டது.

இவ்வளவு பாடுபட்டு அட்வாட்டர் கண்ட கணக்கை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, ஒரு கிராம் புரதத்துக்கு 4, ஒரு கிராம் கொழுப்புக்கு 9. இன்றளவும் உலகம் முழுவதும் உணவுப் பெட்டிகளின் மேல் அச்சாகிற எண்களுக்கு அஸ்திவாரம் இந்த மூன்று எண்கள்தான்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்வாட்டர் இந்தக் கணக்கைப் போட்டது பருத்தவர்கள் இளைப்பதற்காக அல்ல. தொழிலாளிகளின் குடும்பங்கள், கையிலிருக்கிற சொற்பக் காசுக்கு, உழைப்பதற்குப் போதுமான உணவை எப்படி வாங்குவது என்பதே அவருடைய கவலை. எந்தப் பண்டத்தில் காசுக்கு அதிகக் கலோரி கிடைக்கும் என்று அவர் பட்டியல் போட்டார். அதனால் கீரைக்கும் பழத்துக்கும் செலவு செய்வது லாபமில்லை என்ற முடிவுக்கும் போய்விட்டார். வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே அவர் காலமாகிவிட்டார். கலோரி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு அதைக் கணக்கிட்டவருடைய இந்தத் தவறே சாட்சி.

பசித்தவனுக்குத் தானியத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு நம் சென்னை ராஜதானியில் ஒரு கொடிய அத்தியாயம் உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சம். 1877ஆம் ஆண்டு ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி இங்கே வந்தார். நிவாரண வேலையில் கல்லும் மண்ணும் சுமக்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது உழைப்பவனைப் படிப்படியாகக் கொல்லும் அளவு என்று வாதாடினார். ஒரு ராத்தலுக்கும் ஒன்றரை ராத்தலுக்கும் நடுவே நடந்த சண்டை அது. அந்த ஆண்டிலேயே அளவு உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் போன உயிர்கள் திரும்பவில்லை. அரை ராத்தல் தானியத்தின் கனம் என்ன என்பதை நம் பாட்டன்மார் இப்படி அறிந்தார்கள். நான் ஒரு நாளைக்கு 44 கிராம் அதிகமாகக் கொட்டிவிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுத மறந்ததை நினைத்தபோது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

இனி அமெரிக்காவுக்குத் திரும்புவோம். சரித்திரத்தில் சில வருஷங்கள் வேண்டுமென்றே ஜோடித்ததுபோல் அமைந்துவிடுகின்றன. 1896 அப்படிப்பட்ட ஒரு வருஷம். அந்த ஆண்டில் அட்வாட்டர் அமெரிக்க உணவுப் பண்டங்களின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். அதே ஆண்டில் பாஸ்டன் நகரத்தில் பேனி பார்மர் என்ற சமையல் ஆசிரியை ஒரு சமையல் புத்தகத்தை வெளியிட்டார். பிரசுரகர்த்தர்கள் நம்பிக்கையில்லாமல் அவர் செலவிலேயே மூவாயிரம் பிரதிகள் அச்சிட்டார்களாம். அதுவோ பல தலைமுறைகளுக்கு அமெரிக்கப் பெண்களின் சமையல் வேதமாக விளங்கியது. அதுவரையில் 'ஒரு கைப்பிடி', 'முட்டையளவு வெண்ணெய்' என்று சொல்லிவந்த நாட்டில், கோப்பையை நிரப்பிக் கத்தியால் தலைதட்டி அளக்க வேண்டும் என்று விதி செய்தவர் இந்த அம்மாள்தான். இன்றைக்குப் பெட்டியில் 'ஒரு கோப்பை' என்று எழுதியிருந்தால் அது நம் காப்பிக் கோப்பையல்ல. அமெரிக்க அளவுக் கோப்பை. உணவுப் பெட்டிக் கணக்கில் அது 240 மில்லி லிட்டர்.

அதே 1896 ஏப்ரல் மாதத்தில், மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் என்பவருக்குத் தகடாக்கிய தானியத்துக்கான உரிமைப் பத்திரம் கிடைத்தது. ஆக, கலோரிப் பட்டியல், அளவுக் கோப்பை, தானியத் தகடு ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் மூன்று இடங்களில் பிறந்தன. இவை மூன்றும் ஒரு கிண்ணத்தில் கலந்ததுதான் பின்னால் வந்த கதை.

பேட்டில் கிரீக்கில் டாக்டர் கெல்லாக் ஒரு பெரிய ஆரோக்கிய நிலையத்தை நடத்திவந்தார். மாமிசம் இல்லை, மது இல்லை, காப்பி கூட இல்லை. வந்தவர்களுக்கு மென்று தின்னத் தகுந்த தானிய உணவைத் தேடி டாக்டரும் அவருடைய தம்பி வில் கெல்லாக்கும் பரீட்சைகள் செய்துவந்தார்கள். 1894ஆம் ஆண்டில் ஒரு நாள் வேகவைத்த கோதுமை கவனிப்பாரின்றிக் கிடந்து பதம் மாறிவிட்டது. அதை எறிய மனமில்லாமல் உருளையில் கொடுத்தார்கள். ஒரே தகடாக வருவதற்குப் பதில் ஒவ்வொரு மணியும் தனித்தனித் தகடாக வந்து விழுந்தது. அடுப்பில் வாட்டியதும் மொறுமொறுவென்று ஆகிவிட்டது.

சகோதரர்கள் இருவரும் பிறகு பிரிந்தார்கள். 1906இல் தம்பி தனியாகச் சோளத் தகடுக்கு ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அதில் சர்க்கரை சேர்ப்பது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. பெயர் யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டு வரையில் போனார்கள். அந்த நிலையத்துக்கு நோயாளியாக வந்து தங்கியிருந்த சி. டபிள்யூ. போஸ்ட் என்பவரோ 1897லேயே 'கிரேப் நட்ஸ்' என்ற பண்டத்தை விற்கத் தொடங்கியிருந்தார். அதில் திராட்சையும் இல்லை, கொட்டையும் இல்லை. கோதுமையும் வாற்கோதுமையும் சேர்ந்த கெட்டியான சிறு மணிகள், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான பண்டம் ஒன்றும் அந்தக் காலத்திலேயே வந்தது. அலெக்சாண்டர் ஆண்டர்சன் என்ற தாவர சாஸ்திரி, அரிசியை மூடிய குழலில் சூடாக்கிச் சட்டென்று திறந்துவிட்டால் அது பன்மடங்கு உப்பிப் பொரிகிறது என்று கண்டார். 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் பீரங்கிகளிலிருந்து பொரியைச் சுட்டு ஜனங்களைப் பிரமிக்க வைத்தார்கள். சரஸ்வதி பூஜைக்குப் பொரி வாங்குகிற நமக்கு இதில் பிரமிக்க ஒன்றுமில்லை. ஆனால் என் கிண்ணத்துக் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தலைதட்டிய ஒரு அமெரிக்கக் கோப்பையில் அரிசிப் பொரியை நிரப்பினால் எடை சுமார் 15 கிராம், கலோரி ஐம்பத்தைந்து. அதே கோப்பையில் சோளத் தகடு சுமார் 28 கிராம், கலோரி நூறு. அதே கோப்பையில் அந்தத் திராட்சையில்லாத திராட்சைக் கொட்டையை நிரப்பினாலோ ஏறத்தாழ 115 கிராம். நானூறு கலோரிக்கு மேல். கோப்பை ஒன்று, கணக்கு ஏழு மடங்கு வித்தியாசம். கண் பார்ப்பது இடத்தை. வயிறு வாங்குவது எடையை. இந்த இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் காற்றுத்தான் இருக்கிறது. நாம் அளப்பதாக நினைத்துக்கொள்வதில் பாதி காற்றையே அளக்கிறோம்.

கலோரிக் கணக்கைச் சாதாரண மனிதனுடைய சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவர முதலில் வழி சொன்னவர் ஒரு பொருளாதார நிபுணர். யேல் பல்கலைக்கழகத்தின் இர்விங் பிஷர். 1898இல் அவருக்குக் க்ஷயரோகம் வந்து பிழைத்தது. அதிலிருந்து உணவு முறையில் பெரும் பற்றுக் கொண்டார். கிராம், அவுன்ஸ் என்று குழம்புவதற்குப் பதிலாக, நூறு கலோரி தரும் அளவையே ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்று 1906இல் யோசனை சொன்னார். எந்தப் பண்டமானாலும் ஒரு பங்கு நூறு, கூட்டுவது சுலபம். டாக்டர் கெல்லாக்கின் நிலையத்திலும் உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே கலோரி அச்சாகியிருந்தது. எதையும் அளந்துவிடலாம் என்று நம்பிய இதே பிஷர்தான் 1929இல் பங்கு விலைகள் நிரந்தரமான உயரத்தை எட்டிவிட்டன என்று சொல்லி, சில நாட்களில் மார்க்கெட் சரிந்து, தம் சொத்தையும் இழந்தார். அளவுகோலை வைத்திருப்பவர்களுக்கும் கண் ஏமாறும்.

பிஷருடைய நூறு கலோரிப் பங்கை வீட்டுப் பேச்சாக ஆக்கியவர் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் வைத்தியர். ஒரு சமயம் 220 ராத்தல் எடை இருந்து, எழுபது ராத்தல் வரையில் குறைத்தவர். 1918இல் கலோரிக் கணக்கைப் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம் 1924, 1925 ஆகிய இரு வருஷங்களிலும் அமெரிக்காவில் கதையல்லாத நூல்களில் அதிகமாக விற்ற நூலாக இருந்தது. படங்கள் அவருடைய மருமகனான ஒரு சிறுவன் போட்ட குச்சி மனிதர்கள். இனிமேல் ஒரு துண்டு ரொட்டி என்று எண்ணாதீர்கள், நூறு கலோரி ரொட்டி என்று எண்ணுங்கள் என்பது அவர் உபதேசத்தின் சாரம்.

அந்தப் புத்தகம் பிறந்த நேரமும் கவனிக்கத் தக்கது. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள். நாம் அதிகமாகத் தின்னாமல் மிச்சப்படுத்தினால் அவர்களுக்கு உணவு போய்ச் சேரும் என்றார் பீட்டர்ஸ் அம்மாள். அன்றைய உணவு நிர்வாகத்தின் தலைவராக இருந்த ஹெர்பர்ட் ஹூவருக்குப் புத்தகத்தைச் சமர்ப்பணமும் செய்தார். ஆக, பசித்தவனுக்காகப் போட்ட கணக்கு, அதிகம் தின்றவனுடைய கைக்கு மாறிய இடம் இதுதான். அப்படி மாறும்போதும் அது பசித்தவனை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டே மாறியது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

நம் பண்டங்களுக்கும் இப்படி ஒரு கணக்கு வேண்டாமா என்று கேட்கலாம். அதற்கும் பதில் நம் நீலகிரியிலேயே இருக்கிறது. குன்னூர் ஆராய்ச்சிச் சாலையின் தலைவராக இருந்த வாலஸ் அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்துக் கணக்கை ஒரு சிறு வெளியீடாக 1937இல் கொண்டுவந்தார். அரிசி, கேழ்வரகு, அவல், பொரி எல்லாம் எண்களாக மாறின. அந்த ஆராய்ச்சிச் சாலை 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

இனிப் பெட்டியின் பக்கவாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் 1973இல் உணவுப் பெட்டிகளில் சத்துக் கணக்கு அச்சிடுவதற்கு விதிகள் வந்தன. அப்போது பெரும்பாலும் கம்பெனியின் விருப்பத்தைப் பொறுத்தது. தானியப் பெட்டிகளில் வழக்கமாக ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், ஒரு வேளை அளவாக இருந்தது. 1990இல் சட்டம் வந்தது; 1994 முதல் எல்லாப் பெட்டிகளிலும் கட்டாயமாயிற்று. அந்தச் சட்டத்தின்படி ஒரு வேளை அளவு என்பது 'இவ்வளவு சாப்பிடுங்கள்' என்ற புத்திமதி அல்ல. 'ஜனங்கள் வழக்கமாக இவ்வளவு சாப்பிடுகிறார்கள்' என்ற மதிப்பீடு. இதை அறிந்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. நான் அதை வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தளவு மாதிரி இத்தனை நாளும் நினைத்திருந்தேன்!

அந்த மதிப்பீட்டைச் செய்தவர்கள் 1977-78, 1987-88 ஆகிய ஆண்டுகளில் நடந்த சாப்பாட்டுக் கணக்கெடுப்புகளைப் பார்த்தார்கள். தானியங்களை எடைக்கேற்ப மூன்று ஜாதியாகப் பிரித்தார்கள். கோப்பைக்கு 20 கிராமுக்குக் குறைந்த பொரி வகைக்கு 15 கிராம். 20 முதல் 43 கிராமுக்குள் உள்ள தகடு வகைக்கு 30 கிராம். அதற்கு மேற்பட்ட கனமான வகைக்கு 55 கிராம். 2016இல் மறுபடியும் கணக்குப் பார்த்தபோது ஜனங்கள் முன்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. விதியை மாற்றினார்கள். பொரிக்கு மாற்றமில்லை. தகடு 40 கிராமாயிற்று. கனமானது 60 ஆயிற்று. மனிதன் விதிக்கு இணங்கவில்லை. விதிதான் மனிதனுக்கு இணங்கியது.

இதோடு அச்சிட்ட எண்ணும் கல்லின் மேல் எழுத்தல்ல. ஐம்பதுக்கு மேற்பட்ட கலோரியைப் பத்துப் பத்தாக முழுமையாக்கி அச்சிடலாம். உண்மை அளவு அச்சிட்டதைவிட நூற்றுக்கு இருபது வரையில் கூடியிருந்தாலும் அந்நாட்டு விதி பொறுத்துக்கொள்கிறது. நம் நாட்டுப் பெட்டிகளில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும் எண்ணே எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது. அதில் கிண்ணம் இல்லை, கோப்பை இல்லை. தராசு இருந்தால் போதும்.

தராசு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அளவை ஊகிப்பார்கள். ஊகம் எப்படித் தவறுகிறது என்பதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். 1992இல் நியூயார்க்கில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எங்களுக்கு எடை குறையவில்லை என்று முறையிட்டவர்களை, உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று நுட்பமான முறையில் அளந்தார்கள். அவர்கள் சொன்ன கணக்கு உண்மையில் உண்டதைவிடச் சராசரி நூற்றுக்கு 47 குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை. அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு வாயும் வரவில்லை. என் நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதம் 110, 110 என்று எழுதியவனும் பொய் சொல்வதாக நினைத்து எழுதவில்லையே!

2014இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற பேராசிரியையும் அவருடைய குழுவினரும் ஒரு வேடிக்கையான பரீட்சை செய்தார்கள். கோதுமைத் தகட்டை நொறுக்கினார்கள். ஒரு வாரம் முழுத் தகடு. மற்ற வாரங்களில் வெவ்வேறு அளவில் நொறுங்கியது. வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கொட்டிக்கொள்ளலாம். நொறுங்க நொறுங்கத் தானியம் குறைந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் அல்லவா? ஜனங்கள் கிண்ணத்தில் முன்னைவிடத் தாழ்வாகத்தான் கொட்டினார்கள்; ஆனால் போதிய அளவு தாழ்வாகக் கொட்டவில்லை. முழுத் தகடாக இருந்தபோது சராசரி 286 கலோரி உண்டவர்கள், நன்றாக நொறுங்கியபோது 358 உண்டார்கள். எவ்வளவு கலோரி எடுத்தீர்கள் என்று கேட்டதற்கோ, எல்லா வாரமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்றார்கள். பெட்டியின் அடியில் தங்கும் நொறுங்கலை, 'தூள்தானே, கொஞ்சம்தானே' என்று ஒரே நாளில் கவிழ்த்துத் தீர்ப்பது என் வழக்கம். அந்தப் பழக்கத்தின் விலை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு, தினமும் தராசை எடுக்கச் சோம்பல்பட்டு, நான் ஒரு யுக்தி செய்தேன். பரண்மேல் என் தாயாருடைய பித்தளை ஆழாக்கு ஒன்று இருந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அம்மா அதில்தான் தினமும் அரிசி அளப்பாள். விருந்தாளி வந்தால் கோபுரம் கட்டி அளப்பாள். மாசக் கடைசியில் தலைதட்டி அளப்பாள். கலோரி என்ற சொல்லை அறியாதவள். ஆனால் எட்டுப் பேர் சாப்பிடும் வீட்டில் ஒரு ஆழாக்கு குறைந்தால் யாருக்கு வயிறு காயும் என்று அவளுக்குத் தெரியும். பெரும்பாலும் அது அவளுடைய வயிறாகவே இருந்தது.

ஆழாக்கைத் துலக்கி, அதில் சோளத் தகட்டைக் கொட்டித் தராசில் வைத்தேன். கோபுரமாக 28 கிராம். உள்ளங்கையால் தலைதட்டினால் 20. ஆகவே தலைதட்டி இரண்டு ஆழாக்கு என்றால் 40 கிராம், 150 கலோரி. கணக்கு மிக அழகாக வந்துவிட்டது. என் மனைவியை அழைத்துக் காட்டினேன்.

அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கையால் தட்டும்போது தகடெல்லாம் நொறுங்குகிறதே! நொறுங்கினால் அதிகம் கொள்ளும் என்று நேற்றுத்தானே படித்துச் சொன்னீர்கள்?" என்றாள்.

அவள் சொன்னது சரி. மறுபடி நிறுத்தேன், 23 காட்டியது. அடுத்த தடவை வைத்தியரிடம் போனபோது நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். அதில் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: 'கார்ன் பிளேக்ஸ், 40 கிராம், 150. பால் 200 மில்லி, 120. நிறுத்தது.' அவர் கடைசி வார்த்தையின் கீழ் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டி, "மத்தியானம் ஒரு தட்டு சாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, சார்..." என்று ஆரம்பித்தார்.